கோமதியக்கா வக்கீல் பிடித்த கதை

பாலக்காடு மாவட்டத்துப் பெருமாட்டிப் பக்கம் கறவை மாடு வாங்கப் போகிறவர்கள் கோமதியக்காவைத் துணைக்குக் கூப்பிடுவார்கள். விற்கிறவர்களுக்கு அவர் வருவது பிடிக்காது. மாலை கறவைக்கு வரச் சொன்னால், சொல்லாமல் கொள்ளாமல் காலையிலேயே போய் நிற்பார். முந்தின வேளை கறக்காமல் மடியைத் தேங்கவிட்டுப் பெரிதாகக் காட்டுவது மாட்டு வியாபாரத்தில் பழைய வேலை. அக்கா அதனால் இரண்டு வேளையும் பார்க்காமல் பேச்சையே எடுக்க மாட்டார்.

ஒருமுறை நல்லேப்பிள்ளியில் ஒரு வீட்டில் எங்களுக்குக் காப்பி கொடுத்தார்கள். அக்கா டம்ளரை வாயருகே கொண்டுபோய் நிறுத்தினார்.

"ஏனுங்க, இது இந்த மாட்டுப் பாலுங்களா?"

"இல்லீங்க, இது சொசைட்டிப் பாலு."

"உங்க ஊட்டுக் காப்பிக்கே ஆகாத பாலு எங்களுக்கு என்னத்துக்குங்க?"

அந்த மாட்டை வாங்காமல் திரும்பினோம். காப்பியை மட்டும் குடித்துவிட்டுத்தான் வந்தார்.

நான் அவருக்குப் பக்கத்து வீடு. பத்தாவது வரை தமிழில் படித்துவிட்டு அப்புறம் மலையாளத்தில் படித்ததால், பஞ்சாயத்து ஆபீசோ கரண்ட் ஆபீசோ எங்கே போனாலும் அக்கா என்னைக் கூட்டிப் போவார். மலையாளம் அவருக்கு நன்றாகப் பேச வரும், படிக்க வராது. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை என்பதும் அவருக்குத் தோதாக இருந்தது. "நீ படி, நான் பேசிக்கறேன்" என்பார்.

அவருடைய கணவர் பூபதிராஜா அண்ணனை ஊரில் யாரும் சந்தேகப்பட்டதில்லை. தென்னந்தோப்பு வைத்திருந்தார். இங்கே எல்லோரும் செய்வதுபோல மரங்களைக் கள்ளுக் காண்ட்ராக்டருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். ஆட்கள் காலையும் மாலையும் மரம் ஏறி இறக்கிய கள்ளைக் கேனில் ஊற்றி, வண்டி வரும்வரை தோப்பின் மோட்டார் ரூமில் நிழலுக்கு வைப்பார்கள். அதற்காக ரூம் சாவியை வெளியே கூரை இறவாணத்தில் ஓர் ஆணியில் மாட்டிவிடுவது வழக்கம். இந்தப் பக்கத்துத் தோப்புகளில் எல்லாம் சாவி அப்படித்தான் தொங்கும். கரண்ட், பாம்பு என்று பயம் காட்டிப் பெண்களை மோட்டார் ரூமுக்குள் விடுவதில்லை. ஊர் மாட்டின் வாயை எல்லாம் பிளந்து பார்த்த கோமதியக்கா தன் தோப்பு மோட்டார் ரூமுக்குள் கால் வைத்ததே இல்லை.

பங்குனி மாதம் எக்சைஸ்காரர்கள் வந்து அந்த ரூமைத் திறந்தார்கள். கள்ளுக் கேன்களுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடிய கேன்கள் இருந்தன. அவற்றில் இருந்தது கள் இல்லை, ஸ்பிரிட். கள்ளில் கலப்பதற்காகக் கொண்டுவந்தது என்றார்கள். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த பூபதியண்ணனை மண்வெட்டியைக் கீழே வைக்கச் சொல்லி ஜீப்பில் ஏற்றினார்கள். அன்று மாலையே ரிமாண்ட் செய்து, பக்கத்திலிருக்கும் சித்தூர் சப் ஜெயிலில் அடைத்தார்கள்.

மறுநாள் காலையில் காண்ட்ராக்டரின் மேனேஜர் ஜிபின் ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தான்.

"சேச்சி பேடிக்க வேண்டா, பயம் வேண்டா. பாலக்காட்டுல நம்ம வக்கீல் உண்டு. வலிய வக்கீல். பீஸ் நம்ம கொடுத்தோளாம். சேச்சி ஒண்ணும் அறிய வேண்டா."

"என்ற ஊட்டுக்காரருக்கு நீங்க என்னத்துக்குங்க பீஸ் கொடுக்கோணும்?"

"அண்ணன் நம்ம ஆளல்லே?"

அவன் போனதும் வீட்டில் கூடியிருந்த உறவினர்கள் எல்லோரும், பெரிய வக்கீல் சும்மா கிடைப்பது அதிர்ஷ்டம் என்றார்கள். அக்காவின் தம்பி, "தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்காத அக்கா" என்றார்.

"அந்த மாட்டைத்தான்டா நான் மொதல்ல பாப்பேன். நல்ல மாட்டை எவன் தானம் குடுக்கறான்?" என்றார் அக்கா. ஆரஞ்சுகளை அறுத்து மாட்டுக்குப் போட்டார். மாடு தின்னவில்லை. அதுவும் ஒரு சகுனமாகிவிட்டது.

ஆனாலும் ஜிபின் சொன்ன வக்கீலைப் பார்க்காமல் விடவில்லை. வரச் சொன்ன நேரத்துக்கு முன்பே பாலக்காடு போய் அந்த ஆபீஸ் முன்னால் நின்றோம். உள்ளே நாற்காலி இல்லாமல் ஆட்கள் நின்றார்கள். சுவரில் அவர் படம் வந்த பத்திரிகைச் செய்திகளைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள்.

"மடி தேங்கவிட்ட மாடாட்ட இருக்குது" என்று என் காதில் சொன்னார் அக்கா.

வக்கீல் எங்களை முதலில் கூப்பிட்டார். மிகவும் அன்பாகப் பேசினார். டீ வரவழைத்தார். அண்ணனைப் பற்றி எதையும் கேட்காமலே, நாளைக்கே வெளியே கொண்டுவந்துவிடலாம் என்றார். தான் ஜெயித்த கேஸ்களைச் சொன்னார். நல்லேப்பிள்ளிக்காரர் ஒருவர் மருமகனை வெட்டியதாகச் சொன்ன கேஸ் பேப்பரில் எல்லாம் வந்தது. அவர் விடுதலையாகி ஊரில் நல்லபடியாக இருக்கிறார்.

"அவன் வெட்டியதுதான்" என்று சிரித்தார் வக்கீல். "என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். நான்தான் வாயை மூடு, இனி யாரிடமும் சொல்லாதே என்றேன்."

அக்காவும் சிரித்தார். டீயை முழுதாகக் குடித்தார். "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று எழுந்தார். பஸ்ஸில் உட்கார்ந்ததும் சொன்னார்:

"அவன் அழுது சொன்னதை முன்னப் பின்ன தெரியாத எங்கிட்டச் சொல்றான். நாளைக்கு இவரு சொல்றதை யாருகிட்டச் சொல்லுவான்? பீஸ் குடுக்கறவன்கிட்டத்தானே?"

அடுத்து சப் ஜெயிலுக்குப் போனோம். பார்வையாளர் வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு பெண் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெயர் மாரீஸ்வரி. மலையில் பள்ளிவாசல் என்ற தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிப்பவர். அவர் கணவர் லாரி டிரைவர். அந்த லாரியில் ஸ்பிரிட் இருந்ததாகப் பிடித்து, கணவரையும் லாரி முதலாளியையும் ஒன்றாக உள்ளே வைத்தார்களாம். மலையிலிருந்து பஸ் மாறி மாறி வந்த களைப்பில் அவர் யாரிடமாவது பேசக் காத்திருந்ததுபோல் இருந்தது.

"மொதலாளிக்கும் எங்க வீட்டுக்காரருக்கும் ஒரே வக்கீலுதாக்கா. மொதலாளிதான் வச்சாரு. நமக்கு எதுக்குச் செலவுன்னு நாங்களும் இருந்துட்டோம். மொதலாளி போன வேகத்துல வெளிய வந்துட்டாரு. இவரு இன்னும் உள்ளதான் கெடக்காரு. கேட்டா, அடுத்த வாரம் அடுத்த வாரம்னு சொல்லுதாரு."

"இப்பவும் அதே வக்கீலுங்களா?"

"மாத்தியாச்சுக்கா. பாலக்காட்டுல ஹஸீபா வக்கீல்னு ஒரு அம்மா. கெட்டிக்காரின்னு எல்லாரும் சொல்லுதாக. ஆனா எனக்கு மனசே ஆறல. ஜெயிலுக்கு வந்து எங்க வீட்டுக்காரர்கிட்ட அம்புட்டு நேரம் பேசிட்டுப் போகுது. என்ன பேசுனீகன்னு கேட்டா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கு. பொண்டாட்டிக்காரி எங்கிட்டச் சொன்னா என்ன?"

அக்கா மாரீஸ்வரியை ஒரு பார்வை பார்த்தார். "அந்தம்மா ஆபீஸ் எங்க இருக்குது?" என்று கேட்டார்.

எங்கள் முறை வந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் முகத்தில் தாடி முளைத்திருந்தது. அக்கா முதலில் கேட்டது சாப்பாட்டைப் பற்றி. அண்ணன் முதலில் சொன்னது வக்கீலைப் பற்றி.

"ஜிபின் வந்தானா? அவன் சொன்ன வக்கீலையே வெச்சுக்கலாம் கோமதி. நீ ஒண்ணும் அலைய வேண்டாம். வெளிய யாருகிட்டயும் ஒண்ணும் பேசாத."

"ஏனுங்க, அந்தக் கேனு உங்களுக்குத் தெரியுமுங்களா?"

"எனக்கென்ன தெரியும்? நான் தண்ணி பாச்சிட்டிருந்தேன்" என்றார் அண்ணன். சொல்லும்போது அவர் பார்வை அக்காமேல் இல்லை. வார்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

திரும்பி வரும்போது அக்கா சொன்னார்: "விக்கறவன் அவசரப்படுத்துனா மாட்டுல சொத்தைன்னு அர்த்தம். இங்க எம் பக்கத்து ஆளே அவசரப்படுத்தறாரு. இதை எதுல சேக்கறது கண்ணு?"

நான் பஸ் டிக்கெட்டுக்குச் சில்லறையை எண்ணிக் கொடுத்தேன்.

ஹஸீபா வக்கீலுக்குப் பாலக்காட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் ராவுத்தர் குடும்பம். எங்களைப் போலத் தமிழ் பேசுகிறவர்கள். கிரிமினல் கேஸ் என்றால் கோர்ட்டில் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள் என்று டீக்கடைக்காரர்கூடச் சொன்னார். அதைக் கேட்டும் அக்கா நேராக ஆபீசுக்குப் போகவில்லை. "மொதல்ல கட்டுத்தறியில பாக்கோணும்" என்று கோர்ட்டுக்குக் கூட்டிப் போனார்.

அங்கே கேன்டீனில் ஹஸீபா வக்கீல் வேறொரு கறுப்புக் கோட்டுக்காரரோடு உட்கார்ந்து ஒரே தட்டில் வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இருவரும் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். அந்தக் கோட்டுக்காரர்தான் சர்க்கார் வக்கீல் என்று சப்ளையர் சொன்னதும் அக்கா முகம் மாறிவிட்டது.

"எதிராளியோட வடை திங்கறாளே! போலாம் வா."

"கொஞ்சம் இருக்கலாங்க்கா" என்றேன்.

இருந்தோம். அன்று ஒரு கேஸில் அதே இருவரும் எதிரெதிராக நின்றார்கள். ஹஸீபா வக்கீல் குரலை உயர்த்தவில்லை. ஆனால் சர்க்கார் வக்கீல் ஒவ்வொரு முறை உட்காரும்போதும் ஏதாவது ஒன்றைக் கேட்டு எழுப்பிவிட்டார். அந்த மனிதர் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார். நீதிபதி இரண்டு முறை பேனாவைக் கீழே வைத்தார்.

"பாத்தீங்களாக்கா?"

"சந்தையில தரகனுங்களும் இப்பிடித்தான். துண்டுக்கு மேல சண்டை போடுவானுங்க, துண்டுக்கடியில வெரலைப் புடிச்சு வெலை பேசிக்குவானுங்க" என்றார் அக்கா. ஆனால் போகலாம் என்று சொல்லவில்லை.

ஆபீசில் கூட்டமே இல்லை. அதுவும் அக்காவுக்குச் சந்தேகமாயிற்று. பெரிய வக்கீல் என்றால் ஆள் வேண்டாமா? குமாஸ்தா சோலை, பூபதியண்ணனுக்கு வயதொத்தவர், வாசலிலேயே மறித்தார்.

"யாருக்கும் நேரம் சொல்லித்தான் வரச் சொல்லுவோம். ஒருத்தர் கேஸ் இன்னொருத்தர் காதுல விழக்கூடாதுன்னு அம்மாவோட கண்டிசன். நீங்க நேரம் வாங்கலியே?"

"வாங்கிட்டு வந்தா என்னத்தைப் பாக்கறது?" என்றார் அக்கா.

உள்ளிருந்து, "வரட்டும் சோலை" என்று குரல் வந்தது.

ஹஸீபா வக்கீல் அக்கா சொன்னதை எல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கேன் இருந்தது தெரியுமா?"

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தெரியாதுன்னுதானுங்க வந்திருக்கறேன்."

"அவர் சொன்னதைக் கேக்கலை. உங்களுக்கு என்ன தோணுதுன்னு கேட்டேன்."

"எம் புருசனை என்றகிட்டயே கேக்கறீங்க?"

"சரி, அவர்கிட்டயே கேட்டுக்கறேன்."

"ஜாமீன் வாங்கித் தருவீங்களா, அதைச் சொல்லுங்க."

"கேப்பேன். கிடைக்கும்னு சொல்ல மாட்டேன். முதல் தடவை கிடைக்காமப் போகலாம்."

ஜிபினுடைய வக்கீல் டீ வாங்கிக் கொடுத்து நாளைக்கே வெளியே என்று சொல்லியிருந்தார். இவர் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். அக்கா எழவில்லை. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சும்மா ஊர்க்கதை பேசுகிறவர்போல ஆரம்பித்தார்.

"எங்கூரு குப்பண்ணன் கேஸை நீங்கதானுங்களே பாத்தீங்க?"

குப்பண்ணன் வேலித் தகராறில் பங்காளியின் வைக்கோல் போருக்குத் தீ வைத்ததாகப் பிடிபட்டு, விடுதலையானவர். வைத்தது அவரா இல்லையா என்று ஊர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது.

"ஆமா."

"தீ வெச்சது அவருதானுங்களே?"

"தண்ணி குடிக்கறீங்களா?" என்றார் ஹஸீபா வக்கீல்.

"அது முடிஞ்ச கேஸுங்க. அவரே எல்லார்கிட்டயும் வெச்சேன்னு சொல்லிட்டுத் திரியறாரு. நீங்க சொன்னா இப்ப என்ன ஆகப்போகுது?"

அவர் அப்படிச் சொல்லித் திரியவே இல்லை. அக்கா இட்டுக்கட்டியது அது. ஹஸீபா வக்கீல் சோலையைக் கூப்பிட்டு, "இவங்களுக்குத் தண்ணி கொண்டு வாங்க" என்றார். சோலை கொண்டுவந்து வைத்தார். அக்கா கடைசிச் சொட்டு வரை குடித்து டம்ளரைக் கவிழ்த்தார்.

"கேஸை நீங்களே பாருங்க வக்கீலம்மா."

"எனக்கு அவர் சம்மதம் வேணும். நான் வக்காலத்தோட ஜெயிலுக்குப் போவேன். அவர் கையெழுத்துப் போட்டாத்தான்."

அதுதான் சிக்கலாக இருந்தது. அண்ணனுக்கு ஜிபினுடைய வக்கீல்தான் வேண்டும். அக்கா மறுநாள் காலையில் தோப்புக்குப் போய், இறவாணத்து ஆணியில் சாவியைத் தேடினார். இல்லை. எக்சைஸ்காரர்கள் எடுத்துப் போயிருந்தார்கள். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தவர் என்னையும் கையசைத்துக் கூப்பிட்டார். நானும் எட்டிப் பார்த்தேன். மூலையில் புதிய மோட்டார் இருந்தது. பெருமாட்டியில் போர்வெல் எல்லாம் வற்றிப்போன கோடையில் எங்கள் பக்கம் இவர்கள் தோப்பில் மட்டும்தான் தண்ணீர் நிற்காமல் வந்தது. கிருஷிபவன் என்கிற விவசாய ஆபீசில் மானியத்தில் கிடைத்தது என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

"மானியத்துல வாங்குனதுல எல்லாம் ஒரு நம்பர் எழுதியிருக்குமில்ல?" என்றார் அக்கா. "நம்ம மருந்தடிக்கற மிசின்ல எழுதியிருக்குது."

மோட்டாரில் அப்படி எந்த நம்பரும் இல்லை.

அன்று ஜெயிலில் வலைக்கு இந்தப் பக்கம் நின்று அக்கா கேட்டது அதை மட்டும்தான்.

"ஏனுங்க, அந்த மோட்டாரை யாரு வாங்கிக் குடுத்தது?"

அண்ணன் வலையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்டச் சொல்ல வேண்டாம்" என்றார் அக்கா. "சாயங்காலம் ஹஸீபான்னு ஒரு வக்கீலம்மா வருவாங்க. அவங்ககிட்டச் சொல்லுங்க. வைக்கோல் போருக்குத் தீ வெச்சது குப்பண்ணனான்னு நான் கேட்டுப் பாத்துட்டேன். அவங்க வாயைத் தொறக்கல. ஜிபின் வக்கீலுகிட்டக் கேக்காமயே நல்லேப்பிள்ளிக்காரன் கதை முழுசாக் கெடச்சுது. எங்க சொன்னா எங்க போகும்னு நீங்களே பாத்துக்கங்க. ஒரே வக்கீலை வெச்சு மொதலாளி வெளிய போயி, டிரைவரு உள்ள கெடக்கறாரு இதே ஜெயில்ல. யாருன்னு விசாரிச்சுப் பாருங்க."

விசாரித்திருப்பார் போலிருக்கிறது. சாயங்காலம் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

முதல் ஜாமீன் மனு தள்ளுபடியானது. ஊரில் எல்லோரும் அக்காவைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். ஜிபின் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தி, இறங்காமலே, "சேச்சிக்கு இப்போ மனசிலாயோ?" என்று கேட்டுவிட்டுப் போனான். அக்கா அன்று பால் கறக்கும்போது மாடு உதைத்தது.

அதன்பிறகு ஹஸீபா வக்கீல் இன்னும் இரண்டு முறை ஜெயிலுக்குப் போய் வந்தார். தோப்புச் சாவியை யார் யார் எடுப்பார்கள், கள்ளு வண்டி எந்த நேரம் வரும் என்று மரம் ஏறுகிறவர்களை விசாரிக்க வேண்டும் என மனுப் போட்டார். அந்த விசாரணையில் ஜிபினும் குற்றம்சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் சேர்ந்தான். காண்ட்ராக்டர் ஊரில் இல்லை என்றார்கள். செஷன்ஸ் கோர்ட்டில் பூபதியண்ணனுக்கு ஜாமீன் கிடைத்தது. வாரம் ஒருமுறை எக்சைஸ் ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். கேஸ் இன்னும் நடக்கிறது. எப்படி முடியும் என்று ஹஸீபா வக்கீல் இன்றுவரை சொல்லவில்லை.

உத்தரவு வந்த அன்று கோர்ட் வராந்தாவில் எல்லோரும் அக்காவிடம் நல்ல வக்கீலாகப் பிடித்தாய் என்றார்கள். அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஹஸீபா வக்கீலைத் தனியாகப் பிடித்தார். நானும் பின்னால் போனேன்.

"வக்கீலம்மா, ஜிபின் பேரை இவருதானுங்க சொன்னாரு?"

"கேஸ் கட்டுல இருக்கறதை இந்தப் பொண்ணு உங்களுக்குப் படிச்சுச் சொல்லும்."

"அதைப் படிச்சுட்டா. அதுல இல்லாததைக் கேக்கறேன். தெரிஞ்சாத்தானுங்களே பேரு சொல்ல முடியும்? இவருக்கு எவ்வளவு தெரியும்? அந்தச் சாக்கைத் தூக்கிப் பாத்தாரா, பாக்கலியா? அதை மட்டும் சொல்லுங்க."

ஹஸீபா வக்கீல் கையிலிருந்த கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். அக்காவை அவர் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது என்றுதான் நினைக்கிறேன்.

"தண்ணி குடிக்கறீங்களா?" என்றார்.

அக்கா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "குடிச்சுட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

அண்ணன் வீட்டுக்கு வந்து பல நாளாகிவிட்டது. எக்சைஸ்காரர்கள் ரூமைத் திறந்துவிட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டார்கள். இறவாணத்து ஆணியை அக்கா பிடுங்கிப் போட்டுவிட்டார். சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. காலையில் மாடு கறந்ததும் அவரே போய் ரூமைத் திறக்கிறார். உள்ளே நின்று மோப்பம் பிடித்துப் பார்க்கிறார். மூலைகளைப் பார்க்கிறார். பிறகு மோட்டாரைப் போட்டுவிட்டு வெளியே வந்து பூட்டுகிறார். அண்ணன் வாய்க்காலில் மண்வெட்டியோடு காத்திருக்கிறார்.

நேற்று சாயங்காலம் பால் வாங்கப் போனபோது அவர்கள் பேச்சு காதில் விழுந்தது. கடைசி மடையும் பாய்ந்துவிட்டது, மோட்டாரை நிறுத்த வேண்டும். அண்ணன் கட்டுத்தறி வரை வந்து கை நீட்டினார்.

"சாவியக் குடு கோமதி."

"அந்தம்மாகிட்டச் சொன்னதை எங்கிட்டச் சொல்லுங்க, தர்றேன்."

அண்ணன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். அக்கா கறந்துகொண்டே இருந்தார்.

"நீயே வந்து நிறுத்து" என்று சொல்லிவிட்டு அண்ணன் தோப்புக்குத் திரும்பிப் போனார்.

அக்கா பால் சொம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு அவர் பின்னால் போனார்.